மேற்குச் சென்னைப் புறநகரில் தாய்மார் தொழில்முனைவும் எண்ணிமக் கருவிகளும்

தாய்மார் தொழில்முனைவு என்பது குழந்தை வளர்ப்புப் பொறுப்பையும் குடும்பப் பணிகளையும் ஏற்றுள்ள பெண்கள் தாமே ஒரு தொழிலைத் தொடங்கி நடத்துவதைக் குறிக்கும். இவ்வாறான தொழில்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்தோ வீட்டிற்கு அருகிலிருந்தோ நடத்தப்படுகின்றன. செல்பேசி, இணையம், மின்னணுப் பணப் பரிமாற்றம், கணக்கு மென்பொருட்கள் முதலிய எண்ணிமக் கருவிகள் (டிஜிட்டல் கருவிகள்) இத்தகைய தொழில்களின் இயங்குமுறையைப் பெரிதும் மாற்றியுள்ளன. இக்கட்டுரை சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவற்றை முதன்மையாகக் கொண்டு இக்கருவிகளின் பயன்பாட்டையும், அவற்றின் இயக்கத்தையும், அவற்றால் எழும் சிக்கல்களையும் விளக்குகிறது.

பின்னணி

இடம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்றும் சென்னை நகருக்கு மேற்கே அமைந்துள்ளன. அம்பத்தூர் 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஆவடி 2019ஆம் ஆண்டில் தனி மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த நகராட்சி ஆகும்.

இப்பகுதியின் வளர்ச்சிக்குத் தொழிற்சாலைகளே அடிப்படை. டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949இல் அம்பத்தூரில் தொடங்கப்பட்டது. ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை 1960களில் இயங்கத் தொடங்கியது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் அமைக்கப்பட்டது. ஊர்தி உதிரிப்பாகப் பட்டறைகளும் ஏற்றுமதி ஆடைத் தொழிற்கூடங்களும் இத்தொழிற்பேட்டையில் மிகுதி. திருமுல்லைவாயலில் சிட்கோ நிறுவனத்தின் மகளிர் தொழிற்பேட்டை ஒன்றும் உள்ளது. எனவே தொழில் நடத்தும் பெண்கள் இப்பகுதிக்குப் புதியவர்கள் அல்லர்.

எனினும் தொழிற்கூடப் பணி முறைமாற்று நேரங்களைக் கொண்டது. நகருக்குள் சென்று பணியாற்ற விரும்புவோர் அரக்கோணம் தடத்துப் புறநகர்த் தொடர்வண்டியிலோ பேருந்திலோ நெடுநேரம் பயணம் செய்யவேண்டும். பள்ளி விடும் நேரத்தில் வீட்டில் இருக்கவேண்டிய தாய்மாருக்கு இவ்விரண்டும் பொருந்துவதில்லை. வீட்டிலிருந்தபடி தொழில் செய்வதைப் பலர் தேர்ந்தெடுப்பதற்கு இது ஒரு முதன்மைக் காரணம் ஆகும்.

வீட்டு வேலையின் அளவு

இந்தியாவின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டில் நடத்திய நேரப் பயன்பாட்டு அளவாய்வின்படி, ஊதியமில்லா வீட்டுப் பணிகளில் ஈடுபட்ட பெண்கள் அதற்கென ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டனர். அவ்வகைப் பணிகளில் ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டது 97 நிமிடங்கள். குடும்பத்தினரைப் பராமரிக்கும் பணிக்குப் பெண்கள் 134 நிமிடங்களும் ஆண்கள் 76 நிமிடங்களும் செலவிட்டனர். 2024ஆம் ஆண்டு அளவாய்வில் வீட்டுப் பணிக்கான பெண்களின் சராசரி 289 நிமிடங்களாக இருந்தது. ஐந்து ஆண்டுகளில் செல்பேசியும் இணையமும் பரவிய வேகத்தோடு ஒப்பிட்டால், பத்து நிமிடக் குறைவு என்பது மிகச் சிறிய மாற்றம் ஆகும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்ட் 1989இல் வெளியிட்ட நூலில், ஊதியப் பணி முடிந்து வீடு திரும்பும் பெண்கள் அங்கு மற்றொரு பணிநேரத்தைத் தொடங்குகின்றனர் என்று விளக்கி, அதனை 'இரண்டாம் பணிநேரம்' என்று குறிப்பிட்டார். வீட்டிலேயே தொழில் நடத்தும் தாய்மாரைப் பொறுத்தவரை இவ்விரு பணிநேரங்களும் ஒரே இடத்தில், ஒரே வேளையில் நிகழ்கின்றன. அவர்களுடைய அடிப்படைத் தேவை பணமோ சந்தையோ மட்டுமன்று. துண்டு துண்டாகக் கிடைக்கும் நேரத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்தும் வழியும் ஆகும்.

வரலாறு

இணையத்திற்கு முன்

வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களை ஒருங்கிணைத்த முன்னோடி அமைப்புகளுள் லிஜ்ஜத் அப்பளக் கூட்டுறவு குறிப்பிடத்தக்கது. இது 1959 மார்ச் 15 அன்று மும்பையில் ஏழு பெண்களால், 80 ரூபாய்க் கடனைக் கொண்டு தொடங்கப்பட்டது. பிசைந்த மாவை வீட்டிற்கு எடுத்துச் சென்று, அப்பளமாகத் தேய்த்து, மறுநாள் மையத்தில் ஒப்படைப்பதே இதன் முறை. உற்பத்தி வீட்டிலும், விற்பனை அமைப்பிடமும் இருந்தன.

சென்னையில் 1978ஆம் ஆண்டு ஜெயா அருணாச்சலம் உழைக்கும் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். காய்கறி, பூ, மீன், சிற்றுண்டி விற்கும் ஏழைப் பெண்கள் கந்துவட்டிக்காரரைச் சார்ந்திராமல் சிறு கடன் பெற இவ்வமைப்பு வழிசெய்தது. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் நிறுவப்பட்டது. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் மகளிர் சுய உதவிக் குழுக்கள் உருவாக்கப்பட்டன. பின்னர் 1990களின் இறுதியில் மகளிர் திட்டம் என்ற பெயரில் இம்முறை விரிவாக்கப்பட்டது.

இக்காலகட்டத்தில் வீட்டுத் தொழிலின் சந்தை தெருவின் எல்லையோடு முடிந்தது. வாசலில் தொங்கவிடப்பட்ட 'இங்கு தையல் தைக்கப்படும்' என்ற பலகையும் வாய்மொழிப் பரிந்துரையுமே விளம்பரமாக இருந்தன.

இணையமும் செல்பேசியும்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. தொடக்க நகரங்களுள் சென்னையும் ஒன்று. எனினும் மேசைக் கணினியும் தொலைபேசி இணைப்பும் தேவைப்பட்டதால், அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு இணையம் சிறு வீட்டுத் தொழில்களை நேரடியாகத் தொடவில்லை.

2013-14இல் நடத்தப்பட்ட ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பெண்களுக்குச் சொந்தமான நிறுவனங்கள் ஏறத்தாழ 80 இலட்சம். இது மொத்த நிறுவனங்களில் 13.76 விழுக்காடு. அவற்றுள் 13.51 விழுக்காட்டு நிறுவனங்களுடன் தமிழ்நாடு மாநிலங்களுள் முதலிடம் வகித்தது. திறன்பேசி பரவுவதற்கு முன்பே இம்மாநிலத்தில் பெண்களின் சிறுதொழில் வலுவாக இருந்தது என்பதை இது காட்டுகிறது. எண்ணிமக் கருவிகள் இத்தொழில்களை உருவாக்கவில்லை; முன்பே இருந்த தொழில்களின் எல்லையை விரித்தன.

2016ஆம் ஆண்டும் அதன் பின்னரும்

2016ஆம் ஆண்டில் மூன்று நிகழ்வுகள் அடுத்தடுத்து நடந்தன. ஏப்ரல் 11 அன்று யுபிஐ எனப்படும் ஒருங்கிணைந்த பணப் பரிமாற்ற இடைமுகம் அறிமுகமானது. செப்டம்பரில் ஜியோ நிறுவனம் நான்காம் தலைமுறைச் சேவையைத் தொடங்க, தரவுக் கட்டணம் வெகுவாகக் குறைந்தது. நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதால் மின்னணுப் பணத்தின் தேவை திடீரெனக் கூடியது. 2018 ஜனவரியில் வாட்சப் நிறுவனம் சிறு வணிகர்களுக்கான தனிச் செயலியை வெளியிட்டது.

2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றால் நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்சப் குழுக்கள் சிறு சந்தைகளாக மாறின. தோசை மாவு, ஊறுகாய், கேக், முகக்கவசம் போன்றவை இக்குழுக்களின் வழியே விற்கப்பட்டன.

கருவிகளும் அவற்றின் இயக்கமும்

தகவல் பரிமாற்றம்

வீட்டுத் தொழில் நடத்தும் தாய்மாரால் மிகுதியாகப் பயன்படுத்தப்படுவது வாட்சப் ஆகும். தொலைபேசி அழைப்பு இரு தரப்பினரும் ஒரே வேளையில் ஓய்வாக இருப்பதை எதிர்பார்க்கிறது. எழுத்துச் செய்தியோ குரல்பதிவோ அவ்வாறன்று. அனுப்புவோர் தமக்கு வாய்ப்பான நேரத்தில் அனுப்ப, பெறுவோர் தமக்கு வாய்ப்பான நேரத்தில் படிக்கலாம். கணிப்பொறியியலில் இது ஒத்தியங்காத் தொடர்பு எனப்படும். குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது வரும் கேள்விக்கு அரைமணி கழித்து விடையளித்தாலும் வாடிக்கையாளர் விலகிச் செல்வதில்லை. தாய்மாருக்கு இக்கருவி பொருந்தியதன் அடிப்படை இதுவே.

வணிகர்களுக்கான வாட்சப் செயலியில் பின்வரும் வசதிகள் உள்ளன:

- பொருட்பட்டியல்: படம், விலை, விளக்கம் ஆகியவற்றை ஒருமுறை பதிந்துவிட்டால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்பத் தேவையில்லை. இவ்வசதி 2019இல் சேர்க்கப்பட்டது.
- விரைவு விடைகள்: 'நாளைய மாவுக்கு இன்று மாலை 5 மணிக்குள் சொல்லவும்' போன்ற அடிக்கடி தேவைப்படும் வாக்கியங்களைச் சேமித்துவைக்கலாம்.
- பணிநேர அறிவிப்பு: குறித்த நேரத்திற்குப் பின் வரும் செய்திகளுக்குத் தானியங்கி விடை செல்லும்.
- அடையாளச் சீட்டுகள்: 'புதிய கோரிக்கை', 'பணம் வரவேண்டியது', 'முடிந்தது' எனப் பிரித்துவைக்கலாம்.

தமிழ் ஒருங்குறி எழுத்துகளும், 2017இல் கூகுள் அறிமுகப்படுத்திய தமிழ்க் குரல்வழித் தட்டச்சும் ஆங்கிலம் அறியாதோருக்கும் இவ்வசதிகளை எட்டச் செய்தன. கையில் மாவு ஒட்டியிருக்கும்போது பேசியே எழுத முடிவது அற்பமான வசதி அன்று.

பணப் பரிமாற்றம்

யுபிஐ முறையை இந்தியத் தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் நடத்துகிறது. வாடிக்கையாளர் தம் செயலியில் தொகையைக் குறித்து இரகசிய எண்ணை இட்டதும், அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து விற்பவரின் கணக்கிற்குப் பணம் சில நொடிகளில் மாறுகிறது. இடையில் எவரிடமும் தங்குவதில்லை. 2020 ஜனவரி 1 முதல் இவ்வகைப் பரிமாற்றத்திற்கு வணிகரிடம் தள்ளுபடிக் கட்டணம் பெறப்படுவதில்லை என்பதால், 50 ரூபாய் மாவுப் பைக்கும் இது கட்டுப்படியாகிறது.

வாசலில் ஒட்டப்படும் கியூஆர் குறி 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தால் உருவாக்கப்பட்டது. ஊர்தித் தொழிற்சாலைகளில் உதிரிப்பாகங்களை அடையாளம் காண்பதே அதன் முதல் பயன். உதிரிப்பாகப் பட்டறைகள் நிறைந்த அம்பத்தூரில் இன்று அக்குறி வீட்டு வாசலிலும் தையல் எந்திரத்தின் மேலும் காணப்படுகிறது.

யுபிஐ முறையின் மற்றொரு விளைவு, பணம் பெண்ணின் சொந்த வங்கிக் கணக்கிற்கே நேரடியாகச் செல்வதாகும். வீட்டுச் செலவுப் பணத்துடன் கலந்துவிடும் சில்லறைக் காசு தொழிலின் வருமானமாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. வங்கிக் கணக்கிலோ அது நாள்தோறும் பதிவாகிறது. கடன் கோரும்போது இப்பதிவு சான்றாகவும் பயன்படுகிறது. எனினும் யுபிஐ கணக்கு கணவரின் பெயரிலோ எண்ணிலோ இருக்குமாயின் இப்பயன் கிட்டாது.

கணக்கும் நேரக் கணிப்பும்

விரிதாள் மென்பொருளோ செல்பேசிக் கணக்குச் செயலியோ வரவு செலவைப் பதிய உதவுகின்றன. வீட்டுத் தொழிலில் பெரிதும் விடுபடும் ஒரு செலவு, நடத்துபவரின் நேரம் ஆகும். கீழ்வரும் எடுத்துக்காட்டு இதனை விளக்கும்.

ஒருவர் நாளொன்றுக்கு 50 ரூபாய் வீதம் 40 பை மாவு விற்கிறார் எனக் கொள்வோம். வரவு 2,000 ரூபாய். அரிசி, உளுந்து, மின்சாரம், பை ஆகியவற்றின் செலவு 1,350 ரூபாய். மிச்சம் 650 ரூபாய். ஊறவைத்தல் முதல் பையிலிடுதல் வரை 4 மணி நேரமும், வீடு வீடாகக் கொண்டுசெல்ல 2 மணி நேரமும், செய்திகளுக்கு விடையளிக்க அரை மணி நேரமும் ஆகின்றன. மொத்தம் 6½ மணி. அதாவது மணிக்கு 100 ரூபாய்.

அவரே மாலை 5 முதல் 6 மணிக்குள் வாசலில் வந்து பெற்றுக்கொள்ளுமாறு அறிவிக்கிறார். 8 வாடிக்கையாளர்கள் விலகுகின்றனர். 32 பைகளுக்கு வரவு 1,600 ரூபாய். செலவு 1,080 ரூபாய். மிச்சம் 520 ரூபாய். உழைப்போ 4½ மணியாகக் குறைகிறது. மணிக்கு ஏறத்தாழ 115 ரூபாய். நாள் வருமானம் 130 ரூபாய் குறைந்தாலும், 2 மணி நேரம் மீள்கிறது.

எது சிறந்தது என்பது குடும்பத்தின் தேவையைப் பொறுத்தது. பள்ளிக் கட்டணத்திற்கு அந்த 130 ரூபாய் இன்றியமையாததாக இருக்கலாம். பிள்ளையின் பாடத்தைக் கவனிக்க அந்த 2 மணி நேரம் தேவைப்படலாம். விரிதாள் முடிவெடுப்பதில்லை, எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம் என்பதைக் காட்டுகிறது.

விற்பனைத் தளங்கள்

- பொதுத் தளங்கள்: அமேசான், பிளிப்கார்ட், மீஷோ ஆகியவற்றில் சிறு விற்பனையாளர்களும் பதியலாம். மீஷோ 2021இல் விற்பனைத் தரகை நீக்கியது. எனினும் அனுப்புதல் செலவும், வாங்கியோர் திருப்பியனுப்பும் பொருட்களால் ஏற்படும் இழப்பும் கணக்கில் கொள்ளத்தக்கவை.
- உணவுத் தளங்கள்: ஸ்விக்கி, சொமாட்டோ ஆகியவை வாடிக்கையாளரையும் விநியோகிப்பவரையும் அளிக்கின்றன, மாற்றாகக் கணிசமான தரகு பெறுகின்றன. கோரிக்கை வந்த சில நிமிடங்களில் சமைத்துத் தரவேண்டும் என்பதால், முன்பதிவு முறையில் இயங்கும் வீட்டுச் சமையலுக்கு இவை எளிதில் பொருந்துவதில்லை.
- அரசுத் தளங்கள்: இந்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2016 மார்ச் 7 அன்று மகளிர் மின்சந்தையைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்களின் பொருட்கள் 'மதி' என்ற வணிகப் பெயரில், மதி சந்தை என்ற இணையத்தளத்தின் வழியாகவும் விற்கப்படுகின்றன.
- சமூக ஊடகங்கள்: இன்ஸ்டாகிராம், யூடியூப் ஆகியவை ஆரி வேலை, நகை வடிவமைப்பு, கேக் அலங்காரம் போன்ற கண்ணுக்கு விருந்தாகும் பொருட்களுக்கு ஏற்றவை. செய்முறையைக் கற்பிக்கும் இணையவழி வகுப்புகளும் ஒரு வருவாய் வழியாகும்.

சட்டப் பதிவுகள்

முன்பு அலுவலகங்களுக்கு நேரில் சென்று பெறவேண்டியிருந்த பல பதிவுகளை இணையத்தின் வழியே பெறலாம். பள்ளி நேரத்திற்குள் அலுவலக வரிசை நகராவிட்டால் மற்றொரு நாள் வரவேண்டும் என்ற நிலை இதனால் குறைந்துள்ளது.

- உதயம் பதிவு: குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான இப்பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. கட்டணம் இல்லை.
- உணவுப் பாதுகாப்புப் பதிவு: வீட்டில் சமைத்து விற்பவருக்கும் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டம் (2006) பொருந்தும். ஆண்டு விற்றுமுதல் 12 இலட்சம் ரூபாய் வரை உள்ளோருக்கு, ஆண்டுக்கு 100 ரூபாய்க் கட்டணத்தில் எளிய பதிவு போதும் என 2011ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் வகுத்தன. பதிவெண் 14 இலக்கங்களைக் கொண்டது.
- சரக்கு, சேவை வரி: பொருட்களை மட்டும் விற்போருக்குத் தமிழ்நாட்டில் பதிவு வரம்பு 20 இலட்சம் ரூபாயாக இருந்து 2019 ஏப்ரலில் 40 இலட்சமாக உயர்த்தப்பட்டது. எனினும் இணையத் தளங்களின் வழி பொருள் விற்போர் எவ்வளவு சிறியவராயினும் பதியவேண்டியிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், வரம்பிற்கு உட்பட்டு மாநிலத்திற்குள் மட்டும் விற்போருக்கு இக்கட்டாயம் தளர்த்தப்பட்டது. அம்பத்தூரிலிருந்து கோயம்புத்தூருக்குச் சேலை அனுப்பும் சிறு விற்பனையாளருக்கு இது பெரிய மாற்றமாகும்.
- முத்ரா கடன்: 2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் பிணையின்றிக் கடன் பெறலாம். முதல் பிரிவான 'சிசு' 50,000 ரூபாய் வரையிலானது. இத்திட்டத்தின் பயனாளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பெண்கள்.

குடும்ப மேலாண்மையில் பயன்பாடு

தொழிலுக்கென அமைந்த கருவிகளே வீட்டு நிர்வாகத்திற்கும் உதவுகின்றன. பகிர்வு நாட்காட்டியில் தடுப்பூசி நாள், பெற்றோர் கூட்டம், தேர்வு, திருமணத் தையல் ஒப்படைக்கவேண்டிய நாள் ஆகியவற்றை ஒரே இடத்தில் குறித்தால், மோதும் நாட்கள் முன்கூட்டியே தெரிகின்றன. பகிர்வுப் பட்டியலில் மளிகைப் பொருட்களை எழுதிவைத்தால் வீடு திரும்பும் வழியில் கணவரோ மூத்த பிள்ளையோ வாங்கிவர இயலும்.

வேலையைச் செய்வதைவிட, எந்த வேலை எப்போது என்பதை இடைவிடாது நினைவில் வைத்திருப்பதே பெரும் சுமை என்பது இத்துறை ஆய்வாளர்களின் கருத்து. நாட்காட்டியை ஒருவர் மட்டுமே நிரப்பி, ஒருவர் மட்டுமே பார்ப்பின் சுமை தாளிலிருந்து திரைக்கு மாறுகிறதே தவிர, குறைவதில்லை. குடும்பத்தினர் அனைவரும் அதைப் பார்த்து, தத்தம் பங்கைச் செய்யும்போதே அது பயன்தரும்.

சிக்கல்களும் விமர்சனங்களும்

முடிவற்ற பணிநேரம்

கடைக்குக் கதவு உண்டு, செல்பேசிக்கு இல்லை. இரவு 11 மணிக்கும் வாடிக்கையாளரின் செய்தி வரும். உடனே விடையளிக்காவிடில் வேறொருவரிடம் சென்றுவிடுவார் என்ற அச்சம் பலரை ஓய்வின்றி வைத்திருக்கிறது. ஒத்தியங்காத் தொடர்பு அளித்த விடுதலையை இவ்வச்சம் பறித்துவிடுகிறது. பணிநேரத்தை அறிவித்தல், தொழிலுக்குத் தனி எண் வைத்திருத்தல் ஆகியவை இதற்குத் தீர்வாகக் கூறப்படுகின்றன. வீட்டில் இருப்பதாலேயே அவர் ஓய்வாக இருக்கிறார் என்று உறவினர்கள் கருதுவதும் ஒரு சிக்கலாகும். அதற்கு மென்பொருள் தீர்வு இல்லை.

ஒரே செல்பேசி

தேசியக் குடும்பநல ஐந்தாம் அளவாய்வின்படி (2019-21) இந்தியப் பெண்களில் 53.9 விழுக்காட்டினர் மட்டுமே தாமே பயன்படுத்தும் செல்பேசியை வைத்திருந்தனர். எப்போதேனும் இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33.3 விழுக்காட்டினர். தமிழ்நாட்டின் நிலை இதைவிட மேம்பட்டது எனினும், இங்கும் இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் பாதிக்கும் சற்றுக் குறைவே.

பெருந்தொற்றுக் காலத்தில் இக்குறைபாடு கூர்மையடைந்தது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழ்நாட்டுப் பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு 2021 நவம்பர் 1 அன்றே மீண்டும் திறக்கப்பட்டன. ஒரு செல்பேசி மட்டும் உள்ள வீட்டில், பிள்ளையின் இணையவழி வகுப்பும் தாயின் வணிகமும் ஒரே திரைக்குப் போட்டியிட்டன. கல்வித் தொலைக்காட்சியின் ஒளிபரப்பு இச்சிக்கலை ஓரளவு தணித்தது.

தளச் சார்பு

பிறர் நடத்தும் தளத்தில் கட்டப்பட்ட தொழில் அத்தளத்தின் முடிவுகளுக்குக் கட்டுப்பட்டது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் செயலியைத் தடைசெய்தபோது, அதில் பின்தொடர்வோரைச் சேர்த்திருந்த சிறு விற்பனையாளர்கள் ஒரே நாளில் அவர்களை இழந்தனர். 2021 அக்டோபர் 4 அன்று முகநூல், வாட்சப், இன்ஸ்டாகிராம் மூன்றும் பல மணி நேரம் முடங்கின. 2025 மார்ச் 26, ஏப்ரல் 12 ஆகிய நாட்களில் யுபிஐ சேவை தடைப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்சாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டை உள்ளிட்ட பகுதிகள் வெள்ளத்தில் மூழ்க, மின்சாரமும் தொலைத்தொடர்பும் பாதிக்கப்பட்டன.

இதனால் வாடிக்கையாளர்களின் பெயர், எண், நிலுவை ஆகியவற்றைச் செயலிக்கு வெளியே, காகித ஏட்டிலேனும் படியெடுத்துவைப்பது பாதுகாப்பானது.

மோசடிகள்

சிறு விற்பனையாளர்களைக் குறிவைக்கும் மோசடிகளுள் இரண்டு பரவலானவை. முதலாவது, பணம் செலுத்தியதாகப் போலித் திரைப்படத்தைக் காட்டுவது. இரண்டாவது, 'முன்பணம் அனுப்புகிறேன், இக்குறியை வருடி இரகசிய எண்ணை இடுங்கள்' என்று கூறிப் பணத்தைப் பறிப்பது. யுபிஐ முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. பணம் தருவதாகக் கூறி அவ்வெண்ணை இடச் சொல்வது பணத்தை வெளியே அனுப்பச் செய்வதாகும். தனிநபர்களுக்கிடையே பணம் கோரும் வசதி மோசடிக்குப் பயன்பட்டதால் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது.

பணத்தை இழந்தவர் உடனடியாக 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கவேண்டும். பணம் பல கணக்குகளுக்கு மாற்றப்படும் முன் முடக்குவதே மீட்பிற்கான வாய்ப்பு என்பதால் முதல் சில மணி நேரம் முக்கியமானது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை 2022 ஜனவரியில் உருவாக்கப்பட்ட ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தின் எல்லைக்குள் வருகின்றன.

சமூகப் பாதுகாப்பின்மை

மகப்பேற்று நலன் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம், ஊழியர்களுக்கு 26 வாரங்கள் வரை ஊதியத்துடன் கூடிய விடுப்பை அளித்தது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் அமையவேண்டும் என்றும் விதித்தது. சொந்தத் தொழில் நடத்துபவருக்கு இவ்விரண்டும் இல்லை. தொழிற்பேட்டையின் ஆடைத் தொழிற்கூடத்தில் பணியாற்றும் பெண்ணுக்குச் சட்டப்படி உள்ள உரிமை, அதே தெருவில் வீட்டிலிருந்து ரவிக்கை தைப்பவருக்குக் கிடையாது. எண்ணிமக் கருவிகள் பெண்களை வீட்டுத் தொழிலுக்கு ஈர்க்கும்போது, இப்பாதுகாப்புகளை அவர்கள் கைவிட நேர்வதை விமர்சகர்கள் சுட்டுகின்றனர்.

தொழில்நுட்பம் சாராத காரணிகள்

தாய்மாரின் நேரத்தை மீட்டுத்தருவதில் கணினிக்குத் தொடர்பில்லாத ஏற்பாடுகளும் பங்காற்றுகின்றன. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்தது; மூலப்பொருள் வாங்க நகருக்குச் சென்றுவரும் செலவு இதனால் குறைந்தது. 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிவாக்கப்பட்டது. காலை ஏழு மணிக்கு அடுப்படியில் மீளும் அரைமணி நேரம், எந்தச் செயலியும் அளிக்காத ஒன்றாகும்.

அங்கன்வாடி, பாட்டி தாத்தாவின் துணை, அண்டை வீட்டாருடன் முறைவைத்துப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவருதல், கணவர் வீட்டு வேலையில் கொள்ளும் பங்கு ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவை. நேரப் பயன்பாட்டு அளவாய்வுகள் காட்டும் 299, 289 என்ற எண்கள் குறையவேண்டுமாயின், 97 என்ற மற்றோர் எண் கூடவேண்டும். 2024ஆம் ஆண்டு அளவாய்வில் அது 88ஆகக் குறைந்திருந்தது.

இவற்றையும் பார்க்கவும்

- மகளிர் சுய உதவிக் குழு
- அம்பத்தூர் தொழிற்பேட்டை
- ஒருங்கிணைந்த பணப் பரிமாற்ற இடைமுகம்
- குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்
- ஊதியமில்லா உழைப்பு